பீர் விற்க மனு போட முடியாத ஊர்

விருத்தாசலத்தில் மளிகைக் கடை வைக்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நகராட்சியில் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, தராசுக்கு முத்திரை, வியாபாரம் பெருகினால் ஜிஎஸ்டி எண். அதே கடைக்காரர் ஃபிரிட்ஜில் மோர் பாக்கெட்டுக்கும் சோடாவுக்கும் பக்கத்தில் நாலு பீர் பாட்டில் அடுக்கி விற்க ஆசைப்பட்டால், எந்த அலுவலகத்தின் படியும் ஏற முடியாது. அவர் மனுவைத் தள்ளுபடி செய்வதற்குக்கூட ஆளில்லை, ஏனென்றால் அப்படி ஒரு மனுவே தமிழ்நாட்டில் கிடையாது.

2003 நவம்பர் 29 முதல் மாநிலத்தில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்கிற தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் கையில். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித்தான் இந்த ஏகபோகம் வந்தது. மாநிலத்தின் ஒவ்வொரு மதுக்கடையும் இன்றும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் உரிமம் பெறுகிறது. தனியார் விண்ணப்பிக்கக்கூடியவை சில உண்டு: மன்றங்களுக்கு ஒரு வகை உரிமம், நட்சத்திர ஓட்டல்களுக்கு ஒரு வகை. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் டெண்டர் எடுக்கலாம். பருப்பும் புளியும் விற்கிறவருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. நீதிமன்றத்துக்குப் போயும் பயனில்லை. மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது, அரசு விரும்பினால் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம் என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது.

உலகின் பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் கூடி விவாதிக்கிற சமாச்சாரம் இது: தெருமுனைக் கடைக்காரர் மது விற்க உரிமம் கேட்கிறார், கொடுக்கலாமா கூடாதா? அந்தக் கேள்வி நம்மூரில் எழ வழியில்லை. எழாததால் நாம் எதை மிச்சப்படுத்தினோம், எதை இழந்தோம் என்று கணக்குப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஏகபோகம் ஏன் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் விரிந்தது. 1971-இல் கருணாநிதி அரசு அதை நிறுத்திவைத்தது, 1974-இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்கென்று டாஸ்மாக்கைத் தொடங்கியது. சில்லறைக் கடைகள் தனியாரிடமே இருந்தன. இதையெல்லாம் நீட்டி எழுத வேண்டாம், வயதானவர்கள் தேதியோடு சொல்வார்கள்.

நமக்கு முக்கியமானது 2003-க்கு முந்தைய நிலவரம். அப்போது மனு இருந்தது, ஏலமும் டெண்டரும் இருந்தன. மதுக்கடை உரிமம் எடுக்கிறவர் பெரும்பாலும் தனி வியாபாரி அல்ல, ஒரு கூட்டணி. யார் எந்தப் பகுதியை எடுப்பது, எவ்வளவுக்குக் கேட்பது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு ஏலத்துக்கு வருவார்கள். சிண்டிகேட்டால் வருமானம் போகிறது என்பதுதான் அரசு சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன முதன்மையான காரணம். வருமானக் கணக்கில் அது வீண்போகவில்லை: 2003-04-இல் ஏறத்தாழ 3,640 கோடி ரூபாய், 2023-24-இல் 45,855 கோடி. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் பெரிய தாவல்தான். ஆகவே தனியார் உரிமம் என்றாலே நியாயமான போட்டி என்று யாராவது விருத்தாசலத்தில் மேடை போட்டுப் பேசினால், பழைய ஒயின் ஷாப் காலத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

கர்நாடகத்தைப் பார்த்தால் இன்னொரு கோளாறு தெரியும். அங்கே சில்லறைக் கடைக்கும் பாருக்கும் 1992-க்குப் பிறகு புதிய உரிமம் தருவதைப் பொதுவாக நிறுத்திவிட்டார்கள். விளைவு, பழைய உரிமங்கள் நிலம்போல் கைமாறத் தொடங்கின. கடையை விற்கிறவர் உண்மையில் விற்பது ஒரு காகிதத்தை. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் தனியார் கடைகள்தான். அங்கே விலை குறைவு. கடலூர் மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடிபடும் பாட்டில்களே அந்த விலை வித்தியாசத்துக்குச் சாட்சி.

சரி, கூட்டணி கட்டும் பெரிய முதலாளிகளை விட்டுவிடுவோம். தெருமுனையில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் நல்ல மனிதருக்கே கொடுத்தால் என்ன? இங்கேதான் நான் நிற்கிறேன். நிறுத்துவது அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் நீளநோட்டு.

விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்று அரசே நடத்தும் கல்வி நிலையமும் உள்ள ஊர். மின்சாரத்துக்கான பீங்கான் உருப்படிகள், பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். கூலி வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வரும், அல்லது உருப்படிக் கணக்கில் வரும். மழையில் வேலை மந்தமானால் கூலியும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியைத் தாங்குவது மளிகைக் கடை நோட்டுதான். நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்: அரிசி 5 கிலோ, எண்ணெய் அரை லிட்டர், சோப்பு 2, முட்டை 6. சம்பளம் வந்ததும் பாதி கட்டி, மீதிக்கு ஒரு கோடு போட்டு, அடுத்த பக்கம். பெரும்பாலும் பொருளை வாங்கிவருவது பெண், கணக்கைத் தீர்ப்பது ஆண். சில வீடுகளில் இரண்டும் பெண்ணே.

அந்தப் பக்கத்தில் ஐந்தாவது வரியாக ஒரு குவாட்டர் ஏறினால்? டாஸ்மாக்கின் மேல் எத்தனையோ குற்றம் சொல்லலாம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குவது, கம்பி வலைக்குள் நின்று கையை மட்டும் நீட்டும் அந்த அவமரியாதை, நிற்கவே கூசும் சுற்றுப்புறம். ஆனால் அது கடன் கொடுப்பதில்லை. கையில் காசிருந்தால்தான் சரக்கு. குடிப்பவனுக்கும் அவன் வீட்டு அரிசிக்கும் நடுவே இந்த நாட்டில் எஞ்சியிருக்கிற தடுப்புகளில் அது ஒன்று. மளிகைக் கடைக்காரர் அதே வாடிக்கையாளரை இழக்க மனமில்லாமல் ‘எழுதிக்கிறேண்ணே, சனிக்கிழமை பாத்துக்கலாம்’ என்பார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, கடையே அப்படித்தான் ஓடுகிறது. அதற்குமேல் அந்தக் கடைக்கு மிட்டாய் வாங்கப் பிள்ளைகள் வருவார்கள், அப்பாவுக்கு பீடி வாங்க வருவதுபோல நாளை சரக்கு வாங்கவும் வருவார்கள். குடும்ப நோட்டில் மது ஏறக்கூடாது என்பதற்காகவே நான் மளிகைக் கடை உரிமத்துக்கு எதிர்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுக்கடையைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகள் ஏற்கெனவே பாதி மது வியாபாரத்தில்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய்ப் பொட்டலம், அவித்த சுண்டல். முதல் இரண்டும் 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலை ஏழு மணிக்குக் கை நடுங்குகிறவருக்குப் பல ஊர்களில் எங்கோ ஒரு கடையின் பின்பக்கம் பிளாக்கில் கிடைக்கிறது. மனு போட முடியாத கடைக்காரர்களில் சிலர் மனு போடாமலே விற்கிறார்கள் என்பதே நிலவரம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2001-இல் நம் மாவட்டத்துப் பண்ருட்டிப் பகுதியிலும் அப்படியொரு பெருஞ்சாவு நடந்தது. சட்டப்படியான கடை ஏகபோகமாக இருப்பதால் சட்டத்துக்குப் புறம்பான கடை ஒழிந்துவிடவில்லை.

இனி வெளியூர். தெருமுனைக் கடை மது உரிமம் கேட்பது தமிழர்களுக்கு அந்நியமான காட்சி அல்ல. அதை மிக அதிகமாகச் செய்த தமிழர்கள் லண்டனில் இருக்கிறார்கள். 1980-களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் போனவர்களில் கணிசமானோர் அங்கே மூலைக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். பால், பாண், பத்திரிகை, லாட்டரிச் சீட்டு, கூடவே மது. மது உரிமம் இல்லையென்றால் அந்தக் கடைகளில் பலவற்றுக்கு வாடகை கட்டக் கட்டுப்படியாகாது.

இங்கிலாந்தில் அந்த உரிமம் வாங்கும் முறை கவனித்துப் பார்க்க வேண்டியது. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, ஆம், நம்மூரில் ஏகபோகம் வந்த அதே ஆண்டுதான், கடைக்காரர் உள்ளூர் கவுன்சிலில் விண்ணப்பம் கொடுக்கிறார். கடையின் வரைபடம், விற்பனை நேரம், பொறுப்பாளராக இருக்கப்போகிறவரின் தனி உரிம விவரம் எல்லாம் தர வேண்டும். பிறகு வெளிர்நீலத் தாளில் ஓர் அறிவிப்பை அச்சிட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், தெருவில் போகிறவர் நின்று படிக்கும்படி. உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். 28 நாள் அவகாசம். அதற்குள் போலீஸ், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு, எதிர்வீட்டுப் பாட்டி என யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். ஆட்சேபணை வந்தால் கவுன்சிலர்கள் மூன்று பேர் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். ஒருவரும் எழுதவில்லையென்றால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். முடிவு பிடிக்காதவர் மேல்முறையீட்டுக்கு நீதிமன்றம் போகலாம்.

ஆட்சேபணைக்கும் வரம்பு உண்டு. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத் தொந்தரவு, குழந்தைகள் நலன் என்ற நான்கில் ஒன்றைத் தொட்டுத்தான் பேச வேண்டும். ‘ஏற்கெனவே நாலு கடை இருக்கிறது, இவருக்கு எதற்கு’ என்று போட்டிக் கடைக்காரர் எழுதினால் செல்லாது. ‘குடி உடம்புக்குக் கேடு’ என்றாலும் இங்கிலாந்தில் எடுபடாது. ஸ்காட்லாந்தில் மட்டும் பொதுச் சுகாதாரம் ஐந்தாவது காரணமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிமம் கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை அதிகாரிகளே வாடிக்கையாளராக அனுப்பிச் சோதிப்பார்கள். விற்றால் உரிமத்தை மறு ஆய்வுக்கு எடுப்பார்கள். இதனால் லண்டன் தெருக்களில் குடிகாரர் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், தாராளமாக இருக்கிறார்கள். நான் பார்ப்பது அந்த நீலத்தாளை. கடை திறப்பதற்கு முன்னாலேயே தெருவுக்குத் தகவல் போகிறது, பதில் சொல்லவும் நாள் கிடைக்கிறது.

மற்ற ஊர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையொட்டிக் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணியாகச் சொன்னது. 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுவதும் இரவு 10.30-லிருந்து காலை 7 வரை கடைகளில் எடுத்துச்செல்லும் மது விற்கத் தடை. லிட்டில் இந்தியாவுக்குக் கூடுதல் கெடுபிடி. அங்கே மினிமார்ட் வைத்திருக்கும் தமிழ் முதலாளிக்கு ஞாயிறு மாலை என்பது தனிக் கணக்கு. கோலாலம்பூர் மாநகராட்சியோ 2020 நவம்பரில் மளிகைக் கடை, சீன மருந்துக் கடைகளில் கடுமது விற்கக்கூடாது என்று அறிவித்தது, பீருக்கு மட்டும் நேரம் குறித்து விட்டுவைத்தது. இலங்கையில் உரிமம் பெற்ற சூப்பர் மார்க்கெட்டுகள் மது விற்கின்றன. அங்கே உரிமம் அரசியல் பண்டமாகவும் ஆகியிருக்கிறது. 2024 அதிபர் தேர்தலுக்கு முன்னால் முந்நூறுக்கும் மேற்பட்ட மது உரிமங்கள் வழங்கப்பட்ட விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்தது, வடக்கில் கிளிநொச்சியின் பெயர் அதிகம் அடிபட்டது.

நமக்கு நெருக்கமான ஒப்பீடு கனடாவின் ஒன்டாரியோ. 1927 முதல் அங்கேயும் அரசு மதுக் கழகம்தான், நம் டாஸ்மாக்கின் தாத்தா என்று சொல்லலாம். பீரை மட்டும் பெரிதும் மதுத் தயாரிப்பு நிறுவனங்களின் ஒரு கடைத்தொடர் விற்றுவந்தது. 2024 செப்டம்பர் 5 முதல் தெருமுனைக் கடைகளிலும் பீர், ஒயின் விற்கலாம் என்று மாகாண அரசு திறந்துவிட்டது. தொடக்கத்திலேயே நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உரிமம் பெற்றன. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழர் நடத்தும் கடைகள் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு இது யாருக்குப் பிழைப்பு என்பதும் தெரியும். பீர்க் கடைத்தொடருடன் இருந்த ஒப்பந்தத்தை முன்கூட்டி முடிக்க அரசு 22.5 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. கழகத்தின் ஊழியர்கள் அந்த ஜூலையில் வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஏகபோகத்தைக் கட்டுவதைவிடப் பிரிப்பதற்குச் செலவு அதிகம்.

இந்தியாவில் மளிகைக்கு மிக நெருங்கி வந்தது மகாராஷ்டிரம். 2022 ஜனவரியில் ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரி வைத்து ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. திராட்சை விவசாயிகளுக்கு நல்லது என்றார்கள். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் என்றார். அரசு அதன் பிறகுதான் மக்கள் கருத்தைக் கேட்கப் போவதாகச் சொன்னது. சில மாதங்களில் ஆட்சியே கவிழ்ந்தது, அலமாரி வரவில்லை. ஆயிரம் சதுர அடி நிபந்தனையிலேயே தெருமுனைக் கடை வெளியே நின்றுவிட்டது. அந்த உரிமம் வந்திருந்தாலும் நம் நீளநோட்டுக்காரருக்கு அதில் பங்கில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை புதிதாக மனுவுக்கு வழி திறந்தார்கள். 2023-இல் விதியைத் திருத்தி, நிகழ்ச்சிகளில் மது பரிமாற மாவட்ட ஆட்சியரின் அனுமதியோடு சிறப்பு உரிமம் கேட்கலாம் என்றார்கள். திருமண மண்டபமும் விளையாட்டுத் திடலும் அதில் இருந்தன. ஏப்ரலில் செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பியதும் திருமண மண்டபத்தை எடுத்துவிட்டார்கள். விதி அரசிதழில் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நம்மூர் நடைமுறையின் இயல்பே அது.

டாஸ்மாக் கடை ஒரு தெருவுக்கு வரும் முறையையும் பாருங்கள். 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். விருத்தாசலம் நகராட்சி என்பதால் இங்கே 50. விதி குறிப்பிடுவது கோயிலையும் பள்ளியையும்தான். வீடு அதில் இல்லை. கழகம் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடிக்கிறது, ஆட்சியர் உரிமம் தருகிறார், ஒருநாள் லாரியில் பெட்டிகள் இறங்குகின்றன. எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் முதல் அறிவிப்பு அந்த லாரிதான்.

இது எவ்வளவு பெரிய குறை என்பது 2017-இல் தெரிந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. சின்ன ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டர் ஆனது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. மூடிய கடைகளுக்கு மாற்றிடம் தேடி அதிகாரிகள் ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் போனார்கள். போன இடத்திலெல்லாம் பெண்கள் பாட்டிலை உடைத்தார்கள், ஷட்டரை மறித்து உட்கார்ந்தார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணை ஒரு போலீஸ் உயரதிகாரி அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தூரக் கட்டுப்பாடு கிடையாது என்று விளக்கம் சொன்னதும் பழைய இடங்கள் பலவற்றுக்கு மறுபடி வழி பிறந்தது. அதற்கும் முன்னால், 2015 ஜூலை 31 அன்று, பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகிலிருந்த கடையை அகற்றக் கேட்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே விட்டார். ஒரு நீலத்தாளும் 28 நாளும் இருந்திருந்தால் இவற்றில் பாதியாவது மறியலாக மாறாமல் மனுவாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மனு எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்ற முருகனின் கோயிலில் பிராது கட்டுகிறார்கள். வெள்ளைத்தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, கட்டணம் கட்டி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்தால் திரும்ப வந்து ‘ராஜினாமா’ எழுதிக் கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். முருகனிடம் இவ்வளவு ஒழுங்கான ஒரு நடைமுறை இருக்கிறது: தாள், கட்டணம், தவணை, முடித்துவைப்பு. புருஷனின் குடியைப் பற்றி அங்கே எழுதுகிற பெண்ணுக்கு, தன் தெருவில் கடை வரப்போவதைப் பற்றி அரசிடம் எழுத ஒரு படிவம் இல்லை. கிராமசபையில் தீர்மானம் போடலாம், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கலாம். இரண்டும் பெரும்பாலும் கடை திறந்த பிறகு நடப்பவை. விருத்தாசலம் நகராட்சி, அதனால் கிராமசபையும் இல்லை.

ஆகவே மளிகைக் கடைக்காரருக்கு உரிமம் வேண்டாம், அவர் போட முடியாத அந்த மனு மட்டும் வேண்டும் என்பது என் தரப்பு. மனுதாரர் டாஸ்மாக்காகவே இருக்கட்டும். புதுக்கடையோ இடமாற்றமோ, கழகத்தின் மாவட்ட மேலாளர் விண்ணப்பிக்கட்டும். வாடகைக்குப் பிடித்த கட்டடத்தின் ஷட்டரில் 30 நாள் அறிவிப்பு தொங்கட்டும். அரசே கேட்டு அரசே கொடுக்கும் உரிமத்தில் நடுநிலை எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆட்சேபணையை விசாரிப்பவர் வருவாய்த் துறைக்கு வெளியே இருந்தால் நல்லது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் போதும். தொல்லை தரப்போகிறவர்கள் வேறு. சந்தை நிலவரத்தைவிடக் கூடுதல் வாடகை வாங்கும் கட்டடச் சொந்தக்காரர், பாருக்கு டெண்டர் போடக் காத்திருப்பவர், இருவருக்கும் உள்ளூரில் செல்வாக்கு உண்டு. அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலை கிழிந்து கிடக்கும். அதனால் தாளோடு நிறுத்தாமல் வார்டு முழுக்க வீட்டுக்கு வீடு சீட்டுக் கொடுக்க வேண்டும். விசாரணையைக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கக் கூடாது. விருத்தாசலத்திலேயே சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. கடலூர் போய்வந்தால் பட்டறையில் ஒரு நாள் கூலி போய்விடும், ஆட்சேபணை எழுதிய கை அன்றைக்கே பின்வாங்கிவிடும்.